அஞ்சாம் பிளாக் தண்ணி

இந்த மாத்திரை எங்க கம்பெனியில போட்டது இல்ல சார். அட்டையப் பார்த்தாலே தெரியும். எங்களுதுக்குப் பின்பக்கம் பச்சைக் கோடு ஓடும். தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க பையைத் தொறந்து எடுக்கிறப்பவே கண்ணு போயிடுச்சு. பதினோரு வருஷம் மாத்திரைக் கம்பெனியில இருந்தேன், யாரு மாத்திரை போட்டாலும் அட்டையைத் திருப்பிப் பார்க்கத் தோணும். பிரஷருக்கா? சரி சரி. தண்ணி இந்தாங்க, என்கிட்ட இருக்குது.

நான் மாத்திரை செய்யிற ஆளு இல்ல. தண்ணி ஆளு. கம்பெனின்னா மிஷினு கழுவுவாங்க, பாத்திரம் கழுவுவாங்க, தரை கழுவுவாங்க இல்லையா? அந்தக் கழுவுன தண்ணியெல்லாம் பைப்புல எங்கிட்ட வரும். சுண்ணாம்பு போட்டு, காத்து வுட்டு, அழுக்கைக் கீழ உக்கார வச்சு, மேல தெளிஞ்சு நிக்கிறதை வெளிய அனுப்பணும். வெளியன்னா கால்வாய். கால்வாய் போய் ஏரியில சேரும். செங்கல்பட்டு தாண்டி வெள்ளேரிப்பாக்கம்னு ஒரு ஊரு, அந்த ஊர் ஏரி. இப்ப இந்த பஸ்ஸு அந்த வழியாத்தான் போவுது.

ஒரு நாளைக்கு மூணு தரம் சாம்பிள் எடுப்பேன். புளிப்பு எவ்ளோ, உப்பு எவ்ளோ, அழுக்கு எவ்ளோ, எல்லாத்துக்கும் மெஷினு இருக்குது. ரீடிங்கை நோட்டுல எழுதணும். எல்லாத்துக்கும் ஒரு அளவு, தாண்டக் கூடாது. பதினோரு வருஷத்துல ஒரு தடவை தாண்டுனது இல்ல. அதிகாரிங்க சொல்லாம கொள்ளாம வருவாங்க, பாட்டில்ல புடிச்சிக்கிட்டுப் போவாங்க, ஒண்ணும் வராது. ஒரு பொங்கலுக்கு எனக்கு சால்வை போட்டாங்க சார். மேனேஜர் பார்த்திபன் சாரே போட்டாரு. "கன்னியப்பன் இருக்கிற வரைக்கும் எனக்குத் தண்ணியப் பத்திக் கவலை இல்ல"ன்னு மைக்குல சொன்னாரு.

அப்படிப்பட்ட ஆளைத்தான் வெளிய அனுப்பிட்டாங்க. யாரால? சொந்த மச்சானால. என் பொஞ்சாதியோட தம்பி, துளசிங்கம். மூணு வருஷம் ஆச்சு, இன்னும் நான் அவன்கிட்ட பேசலை. அந்தக் கதையைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். உங்களுக்கு எங்க இறங்கணும்? அப்ப நேரம் இருக்குது.

என் பொஞ்சாதி பேரு பூங்காவனம். அவங்க வீடே ஏரி மீன் புடிக்கிற வீடு. ஊர்ச் சங்கத்துக்கு ஏரி குத்தகை, சங்கத்துக்குத் தலைவரு துளசிங்கம். அவன் புடிப்பான், இவ ரோட்டோரமா உக்காந்து வித்து, வெட்டியும் குடுப்பா. சார், மீன் வெட்டறதுல அவளை மாதிரி கை நான் பார்த்ததில்ல. பேசிக்கிட்டே இருப்பா, மீனைப் பார்க்கவே மாட்டா, கை பாட்டுக்கு செதிலெடுத்து, வயித்தைக் கீறி, குடலை ஒரே இழுப்புல எடுத்துடும். ஜிலேபி மீன் இருக்குது பாருங்க, அது குஞ்சை வாயில வச்சுக் காப்பாத்தும். சில நேரம் தலையைத் திருப்பறப்ப வாயில இருந்து குஞ்சு கொட்டும், கடுகு மாதிரி. அதை மட்டும் சின்ன டப்பாவுல தண்ணியில போட்டு வச்சிருந்து, வீட்டுக்குப் போறப்ப ஏரியில கொட்டிட்டுப் போவா. நான் சிரிப்பேன். அம்மாவை வெட்டிப்புட்டு புள்ளையை வுட்டா அது பொழைக்குமா? "பொழைக்கறது அது பாடு, வுடறது என் பாடு"ன்னுவா.

கம்பெனியில மொத்தம் ஆறு பிளாக்கு. அஞ்சாவது மட்டும் தனி. அங்க ஹார்மோன் மாத்திரை. பொம்பளைங்க புள்ள வேணாம்னு போட்டுக்கிறது, மாசவிலக்கைத் தள்ளிப் போடறது, அந்த மாதிரி. உள்ள போறவங்க தலையில இருந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டுத்தான் போகணும். ஆனாலும் எப்படியோ உடம்புல ஏறிடும் போல. ஒரு ஆளுக்கு மார் வீங்கிப் போச்சு சார், பொம்பளைக்கு மாதிரி. பாவம், வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லாமயே இருந்திருக்கான். அப்புறம் அவனைப் பேக்கிங் பக்கம் மாத்திட்டாங்க. நாங்கல்லாம் கேண்டீன்ல அதைச் சொல்லிச் சொல்லி சிரிப்போம். அதுக்கு மேல அதைப் பத்தி நான் ஒண்ணும் யோசிச்சதில்ல. யோசிக்கிறது என் வேலையும் இல்ல.

அந்த அஞ்சாம் பிளாக் கழுவுன தண்ணி என் தொட்டிக்கு வரக் கூடாது. அது சட்டம். அதைத் தனியா நீல பீப்பாயில புடிச்சு மூடி வைப்பாங்க. லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போயி எங்கயோ எரிச்சுடுவாங்க. தண்ணியை எப்படி எரிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது, பெரிய அடுப்பு இருக்குதாம்.

ஒரு வருஷம் ஆடி மாசத்துல லாரி நின்னு போச்சு. அவனுக்கும் கம்பெனிக்கும் ஏதோ தகராறு. பீப்பாய் சேருது, சேருது, ஷெட்டு ரொம்பி, வெளிய வச்சு, என் தொட்டி வரைக்கும் வந்துடுச்சு. ஒரு நாள் காலையில பார்த்திபன் சார் வந்தாரு. பீப்பாயைப் பார்த்தாரு, தொட்டியைப் பார்த்தாரு.

"கன்னியப்பா, இதைக் கொஞ்சம் கொஞ்சமா நம்ம தொட்டியிலயே வுட்டுப் பாரு."

"சார், இது அஞ்சாம் பிளாக் தண்ணி."

"தெரியும். ஒரு பீப்பாய் வுடு. ரீடிங் மாறுதா பாரு. மாறினா நிறுத்திடு."

நியாயமாத்தானே சொன்னாரு? ஒரு பீப்பாய் வுட்டேன். ரீடிங் எடுத்தேன். மாறலை. மறுநாள் ரெண்டு. மாறலை. அது பாக்கறதுக்கும் தண்ணி மாதிரியேதான் இருந்துது. கலர் இல்ல, வாசனை இல்ல. அப்புறம் அது பழக்கமாயிடுச்சு. டெய்லி ரெண்டு, மூணு. ரெண்டு வருஷம் வுட்டேன். நோட்டுல மட்டும் பீப்பாய் லாரியில போனதா எழுதச் சொன்னாரு. எழுதினேன்.

நான் மறைச்சு வைக்கிற ஆளு இல்ல. அன்னிக்கே வீட்டுல சோறு சாப்பிடறப்ப சொன்னேன். "ஆடி மாசத்துல இருந்து லாரி வரலை, பீப்பாய் வைக்க இடமில்ல, அதான் தொட்டியில வுடச் சொல்லிட்டாங்க"ன்னு. பூங்காவனம், "எந்தத் தண்ணி?"ன்னா. "அஞ்சாம் பிளாக்கு"ன்னேன். அவளுக்கு அதெல்லாம் புரியாது. குழம்பு ஊத்திட்டுப் போயிட்டா.

அந்த வருஷம் யாவாரம் எப்படி நடந்துது தெரியுமா? எந்த மீனை அறுத்தாலும் சினை. கெண்டை, கெளுத்தி, ஜிலேபி, எது எடுத்தாலும் வயிறு ரொம்ப முட்டை. வழக்கமா புது மழைக்குத்தான் சினை புடிக்கும். இது மாசியிலயும் சினை, பங்குனியிலயும் சினை. சினை மீனுன்னா சனங்களுக்கு உசுரு இல்லையா? ரோட்டுல கார்ல போறவங்கல்லாம் நிறுத்தி வாங்கினாங்க. பதினோரு மணிக்குக் கூடை காலி. துளசிங்கம் மீசையை முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சான். எங்கப்பன் காலத்துல கூட இப்படி இல்ல மாமான்னான். அதை நான் இப்ப எதுக்கு சொல்றேன்னா, கெட்டுப் போச்சு கெட்டுப் போச்சுன்னு அப்புறம் சொன்னவன் அவன்தான். நல்லா இருந்தப்ப எவனும் வந்து கேக்கலை.

பூங்காவனத்துக்குத்தான் மொதல்ல சந்தேகம். பத்து மீன் அறுத்தா நாலு ஆண் மீனு வரணுமாம். ஆண் மீன் வயித்துல முட்டை இருக்காது, வெள்ளையா ரெண்டு பட்டை இருக்கும், பால்னு சொல்லுவாங்க. "ஒரு வாரமா பால் மீனே வரலைய்யா, எல்லாம் பொட்டையாவே இருக்குது"ன்னா. நான் சொன்னேன், உனக்கு இன்னா போச்சு, சினைக்குத்தானே கிராக்கின்னு.

ஒரு நாள் மத்தியானம் ஒரு தட்டைத் தூக்கிக்கிட்டு வந்தா. நான் ஷிப்ட்டு முடிஞ்சு வந்து உக்காந்திருந்தேன். தட்டுல ஒரு கெண்டையோட உள்ளுறுப்பு.

"இதப் பாருய்யா."

பார்த்தேன். வெள்ளைப் பட்டை இருக்குது. அதுக்கு நடுவுல கசகசா தெளிச்ச மாதிரி முட்டை.

"இது ஆணா, பொட்டையா?"

"ரெண்டுல ஒண்ணு."

"ரெண்டும் இருக்குதேய்யா. முப்பது வருஷமா அறுக்கறேன், இப்படி ஒண்ணு பார்த்ததில்ல. ஏரியில இன்னா வுடறீங்க நீங்க?"

"தண்ணிதான் வுடறோம்"னேன். "குழம்புல போட்டுடு, வெந்தா எல்லாம் ஒண்ணுதான்"னேன். அவ போடலை. ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, உப்புத் தண்ணியில அதைப் போட்டு மூடி, அலமாரியில வச்சா. எதுக்குன்னு நானும் கேக்கலை. பொம்பளைங்க எதையாவது எடுத்து வச்சிக்கிட்டுத்தான் இருப்பாங்க.

அடுத்த வருஷம் பெரிய மீன் வந்துது, சின்ன மீன் வரலை. இதை எப்படி சொல்றது உங்களுக்கு. ஏரின்னா ஓரத்துல, அல்லி இலைக்குக் கீழ, பொடிக் குஞ்சு மேகம் மாதிரி நகரும். அது இல்ல. மழை பேஞ்சு ஏரி ரொம்புச்சு, தவளைச் சத்தம் இல்ல. நான் நிம்மதியா தூங்கினேன். நீர்க்காக்கா கூட்டம் வருஷா வருஷம் கரையில இருக்கிற கருவ மரத்துல வந்து உக்காரும், மரமே எச்சத்துல வெள்ளையாயிடும். அந்த வருஷம் ரெண்டு மூணு வந்துது, நாலு நாள் சுத்திச்சு, போயிடுச்சு. மரம் பச்சையா இருந்துது. பார்க்கறதுக்கு நல்லாத்தான் இருந்துது சார்.

பூங்காவனம் அந்த டப்பாவை மட்டும் தெனமும் எடுத்துக்கிட்டுப் போவா, காலியாவே எடுத்துக்கிட்டு வருவா.

அப்புறம் துளசிங்கம் ஒரு நாள் கம்பெனி கேட்டுக்கு வந்தான். கையில ஒரு பக்கெட்டு. செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, இதுல இன்னா இருக்குது பாரு."

எட்டிப் பார்த்தேன். "தண்ணி."

"பொடிக் கண்ணு வலை போட்டு நாலு மணி நேரம் இழுத்தேன் மாமா. ஆறு பேரு இழுத்தோம். இதுதான் வந்துது."

எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துது. இவ்ளோ தூரம் தூக்கிக்கிட்டு வந்திருக்கானேன்னு பக்கெட்டை வாங்கிக்கிட்டு உள்ள போனேன். சாம்பிள் எடுத்தேன். புளிப்பு பார்த்தேன், உப்பு பார்த்தேன், எல்லாம் பார்த்து ஒரு சீட்டுல எழுதி, பக்கெட்டோட கேட்டுக்கு வந்து, சீட்டை அவன் கையில குடுத்தேன்.

"எல்லாம் அளவுக்குள்ள இருக்குது மச்சான். நல்ல தண்ணி."

அவன் அந்தச் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பக்கெட்டை அங்கயே வச்சிட்டுப் போயிட்டான். சாயந்தரம் நான் வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனேன், நல்ல பக்கெட்டு.

அந்த சமயத்துலதான் நிலோஃபர்னு ஒரு பொண்ணு வந்துது. மீன்வளக் கல்லூரியில படிக்கிற பொண்ணு, ஆம்பூர் பக்கம். எங்கயோ கேள்விப்பட்டு வந்து, பூங்காவனத்துக்குப் பக்கத்துல ஒரு முக்காலி போட்டு உக்காந்துக்கும். மீன் வாங்காது, குடலை வாங்கும். ஒவ்வொண்ணையும் சின்ன பாட்டில்ல போட்டுத் தேதி எழுதும். பூங்காவனம் அந்த ஊறுகாய் பாட்டிலைக் குடுத்தாளாம். அந்தப் பொண்ணு அதை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, திருப்பித் திருப்பிப் பார்த்துதாம். அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டாங்க. "நிலோ"ன்னு கூப்பிடுவா. எங்களுக்குப் புள்ளை இல்ல சார், அதனால யாராவது பொண்ணு ரெண்டு வார்த்தை நல்லா பேசினா இவ ஒட்டிக்குவா. அது ஒண்ணும் தப்பில்ல.

ஒரு நாள் நான் அங்க நின்னுக்கிட்டிருந்தேன். அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையாக் கேட்டுது.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? ஹார்மோன் பிளாக் கழுவுற தண்ணி எங்கண்ணே போகுது?"

"அது லாரியில போகுதும்மா. எரிச்சுடுவாங்க."

"எப்பவுமேவாண்ணே?"

"எப்பவுமே."

பூங்காவனம் மீன் வெட்டிக்கிட்டிருந்தா. கை நின்னுது. ரெண்டு நிமிஷம் கூட இருக்காது. அப்புறம் குனிஞ்சு வெட்ட ஆரம்பிச்சுட்டா. ஒரு வார்த்தை சொல்லலை சார். புருஷனை வுட்டுக் குடுக்காத பொம்பளை. அன்னிக்கு அவளை நினைச்சு எனக்குப் பெருமையா இருந்துது. அன்னிக்கு சாயந்தரம் பூ வாங்கிக்கிட்டுப் போனேன். வாங்கி சாமி படத்துக்கு வச்சிட்டா.

ஊருல கூட்டம் போட்டாங்க. பள்ளிக்கூடத்துல, ஞாயித்துக்கிழமை பகல்ல. அதிகாரிங்க வந்தாங்க, கம்பெனி சார்புல பார்த்திபன் சார் வந்தாரு, என்னையும் கூட்டிக்கிட்டு வந்தாரு. ஏரித் தண்ணி ரிப்போர்ட்டைப் படிச்சாங்க. எல்லாம் அளவுக்குள்ள. துளசிங்கம் எழுந்தான்.

"ரிப்போர்ட்டுல மீன் இல்லையே சார். மீன் எங்க?"

அதிகாரி சொன்னாரு, அளவுக்கு அதிகமாப் புடிச்சிருப்பீங்கன்னு. நிலோஃபர் எழுந்து ஏதோ சொல்லிச்சு, ரொம்பக் கொஞ்சமா இருந்தாலே போதும், ஒரு ஏரிக்கு ஒரு சிட்டிகை போதும், அதை இந்த மெஷினுல பார்க்க முடியாது, அதுக்கு வேற டெஸ்ட்டுன்னு. அந்த டெஸ்ட்டு சட்டத்துல இல்லைன்னாங்க. பார்த்திபன் சார் என் தோள்ல கை வச்சாரு. "இவரு இந்த ஊரு மாப்பிள்ளை. இவரே சொல்லட்டும்."

எழுந்து சொன்னேன். பதினோரு வருஷத்துல ஒரு ரீடிங் தாண்டினதில்லைன்னு. அது பொய்யா சார்? பொய் இல்ல.

துளசிங்கம், "மாமா, என்னைப் பார்த்து சொல்லு"ன்னான். நான் அதிகாரியப் பார்த்துத்தான் சொன்னேன். அவருதானே எழுதறாரு. பொம்பளைங்க பக்கத்துல இருந்து பூங்காவனம் எழுந்து வெளிய போனா. அன்னிக்கு நல்ல வெயிலு, அந்த ஷீட்டு போட்ட கூரைக்குக் கீழ உக்கார முடியலை போலன்னு நினைச்சேன்.

அது நடந்து ஒன்றரை மாசம். ஒரு திங்கக்கிழமை ரெண்டு ஜீப்பு நேரா அஞ்சாம் பிளாக்குக்குப் போச்சு. பாட்டில் எடுக்கலை, நோட்டை எடுத்தாங்க. பீப்பாய் போனதா எழுதியிருக்குது, லாரி ரசீது எங்கன்னாங்க. ரசீது இல்ல. வராத லாரிக்கு ரசீது எங்க இருந்து வரும்? கம்பெனி என்ன சொல்லிச்சு தெரியுமா? ஆபரேட்டர் கன்னியப்பன் யாருக்கும் தெரியாம, வேலை சுலபமாகணும்னு, தானா பண்ணிட்டாருன்னு. பார்த்திபன் சார் அதுல கையெழுத்து போட்டிருந்தாரு. அவரு என்ன பண்ணுவாரு, அவருக்கும் மேல ஆளு இருக்குது.

புகார்க் கடுதாசியோட காப்பியை எனக்குக் குடுத்தாங்க. பேரு போடலை. "ஆடி மாதம் முதல் லாரி வரவில்லை, பீப்பாய் வைக்க இடமில்லை என்பதால் தொட்டியில் விடுகிறார்கள்"னு இருந்துது. துளசிங்கம்தான். வேற யாரு? அவனுக்கு எழுத அவ்வளவா வராது, அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்திருக்கும். அன்னில இருந்து அவன்கிட்ட பேச்சு இல்ல. அந்த அஞ்சாம் பிளாக்கைக் கொஞ்ச நாள் மூடினாங்க, மறுபடி தொறந்தாங்க. இப்ப லாரி ஒழுங்கா வருதாம். அவனுக்கு என்ன லாபம்? ஏரியில மீன் இல்லாம குத்தகையை வுட்டுட்டு, கேரளாவுல ஏதோ துறைமுகத்துல ஐஸ் ஒடைக்கப் போனான். போறதுக்கு முன்னாடி, நாங்க சென்னைக்கு வீடு மாத்தறப்ப வந்து வேன்ல சாமானை ஏத்தினான். பீரோவை ஒத்தை ஆளாத் தூக்கினான். நான் பேசலை.

சென்னையில ஒரு அப்பார்ட்மெண்ட்டுல இருக்கேன் இப்ப. நூத்தி எண்பது வீட்டுக் கழிவுத் தண்ணியை சுத்தம் பண்ற வேலை. அதே மாதிரிதான், சின்ன தொட்டி. பம்ப் ரூமுக்குப் பக்கத்துல ஒரு அறை குடுத்திருக்காங்க. பூங்காவனம் ஒரு வீட்டுல சமையல் பண்றா. மீன் வாங்கறதில்ல, வாசனை ஆகலைங்கறா. பேச்சும் கொறைஞ்சு போச்சு. சோறு போடுவா, டி.வி. பார்ப்பா, படுத்துக்குவா. வயசாச்சு இல்ல. நானும் கூடவே இருந்து பார்த்துட்டேன், சண்டை சச்சரவு ஒண்ணும் கிடையாது. மூணு வருஷத்துல ஒரு சண்டை கிடையாது.

பத்து நாள் முன்னாடி அவளுக்கு ஒரு போன் வந்துது. மாடிப்படிக்குக் கீழ போயி நின்னு பேசினா. நான் பம்ப் ரூம்ல இருந்து பார்க்கறேன், சிரிக்கிறா. அழுவுற மாதிரியும் இருந்துது. அரை மணி நேரம். வந்தவுடனே யாருன்னு கேட்டேன். ராங் நம்பர்னா. ராங் நம்பர்கிட்ட யாராவது அரை மணி நேரம் பேசுவாங்களா சார்? நான் ஒண்ணும் கேட்டுக்கலை. மறுநாள் காலையில, ஊருக்குப் போயிட்டு வரேன்னு ரெண்டு புடவையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

நேத்து போன் பண்ணா.

"ஏரியில குஞ்சு வந்திருக்குதுய்யா. மதகாண்ட, முழங்கால் தண்ணியில கூட்டமா நிக்குது. கெண்டைக் குஞ்சு. மேல இருக்கிற தாங்கல் ஏரியில இருந்து வெள்ளத்துல எறங்கி வந்த மீனு போட்டதா இருக்கும்னு நிலோ சொல்லுது. தம்பியும் வந்துட்டான்."

"சரி."

"கம்பெனி மேல கேஸ் நடக்குது இல்ல, நாளான்னிக்கு கலெக்டர் ஆபீஸ்ல விசாரிக்கிறாங்களாம். நீ வா. யாரு வுடச் சொன்னாங்கன்னு நீ சொன்னாத்தான் உண்டு. எழுத்துல ஒண்ணும் இல்லையாம், நீதான் இருக்கிறியாம்."

"எனக்கு எதுக்கு அது?"

"எனக்குத் தெரிஞ்சதை நான் அன்னிக்கே சொல்லிட்டேன். மீதி உன்கிட்டதான் இருக்குது."

"அன்னிக்கேன்னா என்னிக்கு?"

அதோட லைன் கட்டாயிடுச்சு. அங்கெல்லாம் டவர் சரியா கிடைக்காது.

பார்த்திபன் சாரும் போன் பண்ணாரு, இன்னிக்குக் காலையில. மூணு வருஷத்துக்கு அப்புறம். நல்லா இருக்கியான்னு கேட்டாரு. "எழுத்துல ஒண்ணும் இல்லாதப்ப நீயாப் போயி ஏன் தலையைக் குடுக்கிற"ன்னாரு. அக்கறையாத்தான் சொன்னாரு.

அந்த ஆடி மாசம், பீப்பாய் வைக்க இடமில்லைங்கிறது, அதை நான் வீட்டுல சோறு சாப்பிடறப்ப சொன்னதுதான். வெளிய யார்கிட்டயும் சொன்னதில்ல. துளசிங்கத்துக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நான் யோசிச்சதில்ல. யோசிக்கலாம்தான். மூணு வருஷம் ஒரே அறையில படுத்திருக்கோம் சார். யோசிச்சா, அப்புறம் எங்க போயி படுக்கிறது?

லீவு சொல்லிட்டு வந்துட்டேன். வரேன்னு அவளுக்கு மெசேஜும் அனுப்பிட்டேன், இத்தனை மணி பஸ்ஸுன்னு. இதுதான் வெள்ளேரிப்பாக்கம். அந்தக் கருவ மரம், அதுக்குப் பின்னாடி தெரியுது பாருங்க, அது ஏரி. அதோ, நிறுத்தத்துல நிக்கிறாங்க. பச்சைப் புடவைதான் பூங்காவனம். குடை புடிச்சிருக்கிறவன் துளசிங்கம், இளைச்சுப் போயிட்டான். பக்கத்துல அந்தப் பொண்ணு.

கொஞ்சம் சாஞ்சு உக்காருங்க சார், ஜன்னல் மறையட்டும்.

ஆமாங்க கண்டக்டர், டிக்கெட்டு வெள்ளேரிப்பாக்கம்தான். இல்ல, இறங்கலை. அடுத்த நிறுத்தத்துல இறங்கிக்கிறேன், விசில் குடுங்க.

அவ பின் படிக்கட்டையேதான் பார்த்துக்கிட்டிருக்கா. இந்தப் பக்கம் பார்க்கலை. கடைசி ஆளு இறங்கற வரைக்கும் பார்ப்பா.

அடுத்தது கம்பெனி கேட்டு சார். அங்க இறங்கி ஏரிக்கரை மேலயே நடந்தா இருபது நிமிஷம். வந்துடலாம்.